சினை நண்டை விட்டால் குஞ்சு யார் கடலுக்குப் போகும்?

கேள்வி: பாக் விரிகுடாக் கரையில் எங்கள் ஊர். நண்டு வலையில் சினை நண்டு ஏறினால் கடலிலேயே விட்டுவிடச் சொல்கிறார்கள். "நாம் விடுவோம், குஞ்சை நீரோட்டம் அள்ளிக்கொண்டு போகும், அக்கரைக்காரன் பிடிப்பான்" என்கிறார் என் சித்தப்பா. விட்ட நண்டின் குஞ்சு எங்கள் கரைக்குத் திரும்பி வருமா, வராதா?

பதில்:

வரும். எல்லாம் வராது. வருவதில் எது உங்கள் நண்டின் குஞ்சு, எது பக்கத்து ஊர் நண்டின் குஞ்சு என்று வலையில் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதி சரி. குஞ்சு கரையை விட்டுப் போகத்தான் செய்கிறது. போனது போனதுதான் என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதே விஷயத்தில் கடல் ஆய்வாளர்களும் வெகுகாலம் உங்கள் சித்தப்பாவின் கட்சியில்தான் இருந்தார்கள்.

முதலில் நண்டு. நீலக்கால் நண்டின் பெட்டை வயிற்று மடலுக்கு அடியில் சினையைச் சுமக்கிறது. முட்டை வந்த புதிதில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பளிச்சென்று இருக்கும். உள்ளே கரு வளர வளர மஞ்சள் கரு தீர்ந்து, குஞ்சின் கண்கள் கறுக்க ஆரம்பித்ததும் சினை பழுப்பாகி, கடைசியில் சாம்பல் கறுப்பாகிவிடும். நம் கடலின் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். நல்ல பருமனான பெட்டை ஒரு தடவையில் பத்து லட்சம் முட்டைக்கு மேலும் சுமக்கும். ஒருமுறை இணைந்தபோது சேர்த்து வைத்த விந்தைக் கொண்டே அடுத்த சினையும் அதற்கடுத்த சினையும் வைக்க அதனால் முடியும்.

பொரித்து வெளியே வருவதைப் பார்த்தால் நண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு. முதுகில் ஒரு முள், மூக்கில் ஒரு முள், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், மெல்லிய வால். இதற்கு சோயியா என்று பெயர். நீரில் மிதந்து, தன்னைவிடச் சிறிய உயிர்களைத் தின்று, நான்கு சோயியா நிலைகளைக் கடந்து மெகலோபா ஆகிறது. அப்போதுதான் கொடுக்கு முளைக்கும். வால் இன்னும் இருக்கும். நீந்தவும் செய்யும், எதையாவது பற்றிக்கொள்ளவும் செய்யும். அது கரையோரத்துக் கடற்புல்லையோ ஆழம் குறைந்த சேற்றுமணலையோ கண்டடைந்து இன்னொரு முறை சட்டை உரித்தால், நகத்தளவு நண்டு தயார். முட்டை பொரித்ததிலிருந்து இதுவரை வெதுவெதுப்பான நீரில் இரண்டு, மூன்று வாரம் ஆகும். லார்வாப் பருவம் என்பது இந்த இரண்டு, மூன்று வாரம்தான். கேள்வியே இதற்குள்தான் இருக்கிறது.

சித்தப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீரோட்டம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டரைக் கிலோமீட்டருக்கும் சற்று மேல், 14 நாளில் 120 கிலோமீட்டர். பாக் நீரிணையின் அகலமே 53 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆக குஞ்சு அக்கரையைத் தொட்டு, அதையும் தாண்டியிருக்க வேண்டும். ஆய்வாளர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். குஞ்சை ஒரு மரத்துகள் என்று வைத்து, நீரோட்ட வேகத்தை நாட்களால் பெருக்கினார்கள். "கடல் பொதுவானது, குஞ்சு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், எங்கே பிடித்தாலும் ஒன்றுதான்" என்ற நினைப்பு அந்தப் பெருக்கலில் இருந்து வந்ததுதான்.

அதில் இரண்டு தவறுகள். நீர் ஒரே திசையில் ஓடுவதில்லை என்பது முதல் தவறு. வற்றுப் பெருக்கு முன்னும் பின்னும் இழுக்கிறது. பாக் விரிகுடா மூன்று பக்கம் அடைபட்ட, ஆழம் குறைந்த கடல். தெற்கே ராமேஸ்வரம் தீவும் ஆதம் பாலத்து மணல் திட்டுகளும் மறிக்கின்றன. வாடைக் காலத்தில் வங்காள விரிகுடா நீர் நீரிணை வழியாக உள்ளே வந்து, பாம்பன் வழியாகவும் மணல் திட்டுகளின் இடுக்கு வழியாகவும் மன்னார் வளைகுடாவுக்கு வடிகிறது. சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், எதிர்த் திசை. நீலக்கால் நண்டோ ஏறத்தாழ வருஷம் முழுவதும் சினை வைக்கிற இனம். ஒரு காலத்தில் இங்கிருந்து போகிற வழியில் இன்னொரு காலத்தில் அங்கிருந்து வரும். அக்கரைக்காரர் பிடிப்பதில் உங்கள் குஞ்சு இருந்தால், நீங்கள் பிடிப்பதில் அவர் விட்டதும் இருக்கும்.

இரண்டாவது தவறுதான் எனக்குச் சுவையானது. குஞ்சு மரத்துகள் அல்ல. மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் ஒரு பக்கமும் ஓடும் என்பது வலை போடுகிற உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மில்லிமீட்டர் உயிரினத்தால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் முடியும். எந்த ஓட்டத்தில் ஏறுவது, எதிலிருந்து இறங்குவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது என்றால் திசையில் பாதி அதன் கையில் வந்துவிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நீல நண்டின் மெகலோபா, இரவில் பெருக்கு ஏறும்போது மேலே வந்து நீரோடு உள்ளே போகிறது. நீர் வற்றத் தொடங்கியதும் அடியில் இறங்கி இருந்த இடத்திலேயே இருந்துகொள்கிறது. இப்படிப் பெருக்குக்குப் பெருக்கு ஏறி முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிடும். மீன் குஞ்சுகள் இன்னும் கெட்டி. பவளப்பாறை மீன்களின் வளர்ந்த லார்வாக்களை ஆஸ்திரேலியாவில் நீரோடும் தொட்டியில் ஓயாமல் நீந்தவிட்டுப் பார்த்தபோது சராசரியாக 40 கிலோமீட்டர் அளவுக்குத் தாக்குப்பிடித்தன. பாறையிலிருந்து வரும் இறால்களின் சடசடப்பும் மீன்களின் முனகலும் கலந்த ஓசையைத் தண்ணீருக்கடியில் ஒலிபரப்பினால், அந்தப் பக்கமாக வந்து சேரும் லார்வாக்களும் கூடுகின்றன. வாசனையையும் பிடிக்கின்றன.

இதெல்லாம் திரும்ப முடியும் என்பதற்குச் சான்று. உண்மையிலேயே திரும்புகின்றனவா? இதற்கு விடை தேடிய மூன்று ஆய்வுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவற்றில் காட்டப்பட்ட பொறுமைக்காகவே சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடரில் உள்ள லிசார்ட் தீவில் ஒரு குழு, சிறிய பாறைமீன் ஒன்றின் சுமார் ஒரு கோடி முட்டைக் கருக்களை டெட்ராசைக்ளின் மருந்தில் நனையவைத்தது. அந்த மருந்து குஞ்சின் செவிக்கல்லில், அதாவது காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், புற ஊதா ஒளியில் மினுங்கும் ஒரு வளையத்தைப் பதித்துவிடும். பிறகு கரை சேர்ந்த 5000 குஞ்சுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் செவிக்கல்லையும் எடுத்துப் பார்த்தார்கள். 15 குஞ்சுகளில் வளையம் இருந்தது. வெறும் பதினைந்துதான். ஆனால் அடையாளமிட்டது தீவில் பொரித்த மொத்தக் குஞ்சுகளில் சிறு பங்கு என்பதால், வந்து சேர்ந்தவற்றில் 15 முதல் 60 சதவீதம் வரை அதே தீவில் பிறந்தவையாக இருக்கலாம் என்று கணக்கு வந்தது. 1999-இல் இது வெளியானபோது மரத்துகள் கட்சி ஆட்டம் கண்டது.

அடுத்தது 2007. பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் ஒரு குட்டித் தீவு. தாய் மீன்களுக்கு அபூர்வமான பேரியம் ஐசோடோப்பை ஊசியில் போட்டார்கள். அது முட்டை வழியாகக் குஞ்சின் செவிக்கல்லுக்குப் போய்விடும். கோமாளி மீனின் லார்வாப் பருவம் 11 நாள், வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றினுடையது 38 நாள். இரண்டிலும் தீவுக்கு வந்து சேர்ந்த குஞ்சுகளில் 60 சதவீதம் அங்கேயே பிறந்தவை. ஒரு மாதத்துக்கு மேல் திறந்த கடலில் அலைந்த உயிர், கடலில் புள்ளியளவு உள்ள தீவுக்குத் திரும்பியிருக்கிறது.

மூன்றாவது 2012-இல், ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில். களவாய் இனத்து மீன் ஒன்றிலும் சங்கரா இனத்து மீன் ஒன்றிலும் மரபணு வழியாகத் தாய் தகப்பனைத் தேடினார்கள். மீன் பிடிக்காமல் பாதுகாத்த பாறைகள் மொத்தப் பாறைப் பரப்பில் 28 சதவீதம்தான். 30 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி அந்தப் பாறைகளில் பிறந்தவை. அவற்றில் பெரும்பங்கு மீன் பிடிக்கும் பாறைகளுக்குத்தான் போயிருந்தது. பெரிய பெட்டைகளை ஓரிடத்தில் விட்டுவைத்தால் பக்கத்து வலைக்கு மீன் போகும் என்று காட்ட இதைவிடத் தெளிவான ஆய்வு எனக்குத் தெரிந்து குறைவு.

மூன்றும் பாறை மீன்கள், உங்களுடையது நண்டு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். இனத்துக்கு இனம் மாறும். நம் மன்னார் வளைகுடாவிலேயே இரண்டு முனையும் இருக்கிறது. சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது இடுகிற கொம்பு போன்ற முட்டைக் கூட்டுக்குள்ளேயே குஞ்சு வளர்ந்து, ஓட்டோடு ஊர்ந்துதான் வெளியே வரும். மிதக்கும் பருவமே கிடையாது. ஓரிடத்துச் சங்கைத் துடைத்து எடுத்துவிட்டால் வேறெங்கிருந்தும் மிதந்து வந்து நிரப்பாது. மறுமுனை சிங்கி இறால். அதன் லார்வா கண்ணாடி இலை மாதிரி தட்டையானது, மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கிக்கு இது 9 முதல் 11 மாதம். அங்கே 1960-களின் கடைசியிலிருந்து, கரைக்கு வந்து சேரும் குஞ்சுகளைப் பொறிகளில் எண்ணுகிறார்கள். இன்றைய எண்ணிக்கை மூன்று, நான்கு வருஷம் கழித்து வரும் பிடிப்பைச் சொல்லிவிடும். 2008-09 பருவத்தில் குஞ்சு வரத்து படுத்துவிட்டது. பெரிய சிங்கி அப்போதும் கடலில் நிறைய இருந்தது, வலைக்காரருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அரசு பிடிப்பை உடனே வெகுவாகக் குறைத்தது. குஞ்சு வராத வருஷம் சந்தைக்கு வரும் முன்பே தாய்களை மிச்சம் பிடித்தார்கள். நம் ஊரில் எந்தத் துறையும் இப்படி முன்கூட்டி நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு, மூன்று வாரம் மிதக்கும் நீலக்கால் நண்டு இந்த இரண்டுக்கும் நடுவில். அதே கால அளவு மிதக்கும் இன்னொரு உயிர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கதை தனி. முத்துச்சிப்பி.

சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையின் மன்னார்ப் பக்கமும் பார்கள் உண்டு. இந்தப் பார்களின் வழக்கமே விசித்திரமானது. சில வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டும், பிறகு பத்து, இருபது வருஷம் ஒன்றும் இருக்காது. இலங்கைப் பார்களில் 1768 முதல் 1796 வரையும், 1837 முதல் 1854 வரையும், 1892 முதல் 1902 வரையும் முத்துக்குளிப்பு இல்லை. 1905-இல் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். 1907-க்குப் பிறகு மறுபடி வறட்சி. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1955-61.

வறட்சிக்குக் காரணம் கண்டுபிடிக்க 1902-இல் வில்லியம் ஹெர்ட்மேன் என்ற விலங்கியல் பேராசிரியரை இலங்கை அரசு வரவழைத்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைவரானவர். அவர்கள் பார்த்தவற்றில் 'பெரிய பார்' என்ற பெயருடைய திட்டு என்னை விட்டுப் போகாத ஒன்று. கரையிலிருந்து வெகு தொலைவில், கடலடி செங்குத்தாக ஆழத்துக்குச் சரியும் விளிம்பில் இருக்கிறது அந்தப் பார். 1880-இலிருந்து குறைந்தது பதினோரு தடவை அங்கே குஞ்சுச் சிப்பி அடர்த்தியாகப் படிந்திருந்தது. ஒரு தடவைகூட அது குளிப்புக்கு விளையவில்லை. 1902 மார்ச்சில் அவர்கள் பார்த்தபோதும் பார் முழுக்கக் குஞ்சு. சோழகக் காற்றுக் காலம் முடிந்து நவம்பரில் போய்ப் பார்த்தால் பார் வெறுமை. அலையும் ஓட்டமும் குஞ்சுகளைச் சரிவில் உருட்டிவிட்டன. அந்தப் பாரைக் குளிகாரர்கள் தாய்ப் பார் என்று சொல்லி வந்தார்கள், அங்கிருந்துதான் மற்றப் பார்களுக்குக் குஞ்சு போகிறதாம். ஒட்டிக்கொண்ட சிப்பி பெயர்ந்து ஊர் மாறுவதில்லை என்று ஹெர்ட்மேன் அதை ஒதுக்கினார். என் கருத்து, குளிகாரர்கள் கேட்ட கேள்வி சரியானது. ஒரு பாரின் விதை இன்னொரு பாரிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் பிடித்திருந்தார்கள். விதை மிதந்து வரும் பருவத்தைக் கண்ணால் காண அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை, அவ்வளவுதான். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனம் 1981-இல் முத்துச்சிப்பி லார்வாவைத் தொட்டியில் வளர்த்தபோது அது மூன்று வாரம் போல மிதந்து, பிறகுதான் ஒட்டியது.

பெரிய பார் உங்கள் நண்டுக்கும் ஒன்று சொல்கிறது. விதை வந்து சேர்வது பாதி வேலை. சேர்ந்த இடம் வாழவிடவில்லை என்றால் வந்ததும் வராததும் ஒன்று. பாக் விரிகுடாவில் அந்த இடம் கடற்புல். கரையோரக் கடற்புல்லை இழுவை மடி வேரோடு பெயர்த்துவிட்டால், எந்தக் கரை விட்ட குஞ்சானாலும் நிற்க இடம் இல்லை. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசுவுக்காக அந்தப் புல் காக்கப்பட்டால் நண்டுக் குஞ்சுக்கும் அதுவே தொட்டில்.

இனி "அக்கரைக்காரன் பிடிப்பான்" என்ற வாதம். இதே சண்டையை அப்படியே நடத்தியவர்கள் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாக்காரர்கள். விரிகுடாவின் மேல்பகுதி மேரிலாந்து மாநிலம், வாய்ப்பகுதி வர்ஜினியா. நீல நண்டு மேலே வளர்கிறது, சினை வைக்கப் பெட்டைகள் கீழே வாய்ப்பகுதிக்கு வருகின்றன. லார்வா விரிகுடாவுக்கு வெளியே திறந்த கடலுக்குப் போய், ஒரு மாதத்துக்கு மேல் மிதந்து, மெகலோபாவாகத் திரும்புகிறது. நாங்கள் விட்டால் அவர்கள் பிடிக்கிறார்கள் என்று மேரிலாந்துக்காரர்களும், தாயைப் பிடிக்காதே என்கிற நீங்கள் குஞ்சை ஏன் பிடிக்கிறீர்கள் என்று வர்ஜினியாக்காரர்களும் வெகுகாலம் இழுத்தார்கள். நண்டு குறைந்துகொண்டே போனது. 2008-இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து பெட்டை நண்டின் பிடிப்பை 34 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டன. சேற்றில் புதைந்திருக்கும் பெட்டைகளைக் குளிர்காலத்தில் வாரியெடுக்கும் தொழிலை வர்ஜினியா நிறுத்தியது. 2012 குளிர்காலக் கணக்கெடுப்பில் விரிகுடாவில் சுமார் 76 கோடி நண்டு. அதோடு கதை முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். 2022-இல் அதே கணக்கெடுப்பு 23 கோடிக்கும் கீழே இறங்கி, 1990-இல் எண்ணத் தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த அளவைக் காட்டியது. காற்றும் நீரோட்டமும் குஞ்சைத் திருப்பி அனுப்பாத வருஷங்கள் உண்டு. அதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. தாய் நிறைய இருந்தால் அப்படிப்பட்ட இரண்டு வருஷத்தைத் தாங்கலாம், குறைவாக இருந்தால் தாங்க முடியாது.

ஒரு பெட்டை ஆயுளில் வைக்கும் லட்சக்கணக்கான முட்டைகளில் சராசரியாக இரண்டு வளர்ந்து நண்டானால் கூட்டம் குறையாது. இதைச் சொன்னால், "அப்படியானால் நான் விடும் ஒரு நண்டால் என்ன வந்துவிடப் போகிறது" என்பீர்கள். ஒன்றால் பெரிதாக ஒன்றும் வராது. நீங்கள் மட்டும் விட்டு, பக்கத்துப் படகு விடாமல் போனால் நஷ்டம் உங்களுக்கு, லாபம் எல்லோருக்கும். சித்தப்பாவின் கோபத்தில் இந்த நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் இதைத் தனி ஆளின் நல்ல மனசில் விடாமல் ஊர்க் கூட்டத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும், பத்து ஊர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நண்டு வலை போடும் நாட்டுப்படகு அப்போதும் கடலில்தான் இருக்கிறது. அரசு ஆணை இதைச் செய்துதரும் என்று காத்திருக்க வேண்டாம்.

விடுவது என்று முடிவானால் விடுகிற விதமும் முக்கியம். கறுத்த சினையோடு இருக்கிற நண்டு ஓரிரு நாளில் பொரிக்கும். எல்லாவற்றையும் விட மனசில்லை என்றால் குறைந்தது அதையாவது விடுங்கள், அதன் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. மஞ்சள் சினை இன்னும் ஒரு வாரம் பிழைத்திருந்தாக வேண்டும், அதற்குள் இன்னொரு வலையில் ஏறலாம். வலையிலிருந்து பிடுங்கி எடுக்காதீர்கள். நீந்தும் பின்கால் ஒடிந்த நண்டும், மடல் கிழிந்து சினை உதிர்ந்த நண்டும் கடலில் விழுந்தும் பயனில்லை. கண்ணி சிக்கலாக இருந்தால் இரண்டு கண்ணியை அறுத்துவிடுவது மேல். படகில் வெயிலில் குவித்து வைத்துக் கரைக்கு வந்து, போட்டோ எடுத்துவிட்டு விடுவது வேண்டாம். சினை காய்ந்தால் கரு செத்துவிடும். பிடித்த இடத்திலேயே, உப்பும் ஆழமும் உள்ள நீரிலேயே விடுங்கள். பெட்டை சினையோடு அந்த ஆழத்துக்கு வந்ததே குஞ்சை அங்கே பொரிக்கத்தான்.